உச்சிக்காடு

பிப்ரவரி 9

அன்புள்ள மண்ணாங்கட்டிக்கு,

உன் அண்ணன் சின்ன வயதில் வைத்த பெயரிலேயே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பொழுதெல்லாம் குழிக்குள் உட்கார்ந்து மண்ணைச் சுரண்டுகிறவளுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? முட்டிவலி தேவலையா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை நீ தோண்டும் பழைய ஊர்க்காரர்களோடு சேர்ந்து நீயும் பட்டினியா? நாங்கள் மூன்று பேரும் சுகம். என் மகள் வாலுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "அத்தை தோண்டினா கெடைக்குமா?" என்று கேட்கிறாள்.

குவார்ட்டர்ஸ் வாழ்க்கை பழகிவிட்டது. முன்கதவைத் திறந்தால் மரப்பட்டறை, பின்கதவைத் திறந்தால் ஓடை, அதைத் தாண்டி மலை. எல்லா வீடும் ஒரே தகரக்கூரை, ஒரே சுவர். பக்கத்து வீட்டில் தும்மினால் எங்களுக்கு ஜலதோஷம் பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பட்டறையில் தலைமை அறுப்புக்காரர். எல்லோரும் அவரை ரம்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலுக்காக வைத்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரோடு ஐந்து நிமிடம் பேசியவர்களுக்கு உண்மை தெரியும்.

ஒரு விஷயம். சரிவு முழுக்க வெட்டியாகிவிட்டது. உச்சியில் மட்டும் ஒரு பட்டைக் காடு நிற்கிறது, உச்சிக்காடு என்போம். அதற்குள் ஏதோ பழைய கல்வரிசைகள் இருப்பதால் உங்கள் தொல்லியல் இலாகாவின் தடையில்லாச் சான்று வேண்டுமாம். அந்தக் கற்களில் ஒன்றுமில்லை என்று நீ ஒரு கையெழுத்துப் போட்டால் கம்பெனிக்குக் குத்தகை கிடைத்துவிடும். வேலை முடிந்ததும் உன் அண்ணனை நகரத்து ஆபீசுக்கு மாற்றுவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். வாலுக்கும் நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கும். ஆபீஸ் போனில் பேசினால் பட்டறையே காது கொடுக்கும், அதனால்தான் கடிதம். மலையைச் சுற்றி வரும் லாரிக்காரரிடமே பதிலையும் கொடுத்தனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

வாலிடம் சொல்லுங்கள், பல் கிடைத்தால் டப்பாவில் போட்டு நம்பர் ஒட்டி வைக்கிறேன். என் முட்டிவலி குழிக்குள் இறங்கும்போது மறந்துபோகிறது, ஏறும்போது ஞாபகப்படுத்துகிறது. அண்ணனுக்கு இருமல் நின்றதா? நீங்கள் பகலில் கொஞ்சமாவது படுக்கிறீர்களா?

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லும் முன்பு இங்கே என்ன கிடைத்தது என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் என் தயக்கம் புரியும்.

இந்தப் பழைய ஊரும் உங்கள் மலையின் அடியில்தான் இருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கம், இவர்கள் இந்தப் பக்கம். சாதாரண ஊரில்லை. கல் பாவிய தெருக்கள், மூடிய சாக்கடைகள், மாடி வீடுகள். சுவருக்கெல்லாம் சுண்ணாம்புப் பூச்சு, பூச்சின் மேல் பூச்சு. பக்கத்து வீட்டைவிட நம் வீடு வெள்ளையாக இருக்க வேண்டும் என்ற போட்டி அப்போதும் இருந்திருக்கும் போல. சுண்ணாம்புக்கல்லைச் சுட விறகு வேண்டுமே, மலைமலையாக. அந்தச் சூளைகளின் கரியை அடுக்கடுக்காக எடுத்தோம். அடி அடுக்கில் இருப்பது, கட்டிப்பிடித்தால் கை எட்டாத பெரிய மரங்களின் கரி. அதற்கு மேல் தொடைப் பருமன். அதற்கு மேல் மணிக்கட்டுப் பருமன். அதற்கும் மேலே வெறும் சுள்ளி. குழி வெட்டும் பெரியவர் பார்த்துவிட்டு, "இது குடிகாரன் வீட்டுக் கதைம்மா. மொதல்ல பீரோ போச்சு, அப்புறம் அண்டா போச்சு, கடைசில கதவு போச்சு" என்றார்.

சுள்ளியை எரித்த காலத்திலும் உச்சியை மட்டும் அவர்கள் தொடவில்லை. கடைசியில் தொட்டுவிட்டார்கள். மேல் அடுக்கு வீடுகளின் உத்தரங்கள் உச்சியில் மட்டுமே வளரும் மரத்தில் செய்தவை. அந்தக் கல்வரிசைகளும் அதே காலத்தவை. வெட்டிவிட்டு, மண் நகர்வதைப் பார்த்துப் பயந்து, அணை கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் அடுக்கே இல்லை, அண்ணி. சேறுதான். கல்லும் வேரும் கலந்து, ஆள் உயரத்துக்கும் மேல், ஒரே தடவையில் வந்த சேறு. பிறகு காடு தானாக முளைத்து மலையை மூடிக்கொண்டது. அந்தக் காட்டைத்தான் நீங்கள் இப்போது வெட்டியிருக்கிறீர்கள்.

கற்களில் ஒன்றுமில்லை என்று எழுதக் கை வரவில்லை. எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

வாலுக்கு முத்தம்.

மண்ணாங்கட்டி


மார்ச் 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதுவது வழக்கத்துக்காகத்தான்.

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மேனேஜர் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். "சொந்தத் தங்கச்சிகிட்ட ஒரு கையெழுத்து வாங்க முடியல, நீ எல்லாம் என்ன மேற்பார்வை பாக்கற?" என்று ஆட்கள் முன்னாலேயே கேட்டிருக்கிறார். உச்சிக்காடு கிடைக்காவிட்டால் பட்டறையை மூடுவார்களாம். இத்தனை குடும்பமும் தெருவில் நிற்கும். இந்த வயதில் உன் அண்ணனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? உன்னைப் படிக்க வைத்தபோது அவர் கணக்குப் பார்த்தாரா?

நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாது என்று ஊர் சொல்லும்போதெல்லாம், எங்கள் வீட்டில் அப்படி இல்லை என்று பெருமையடித்தவள் நான். செத்துப்போனவர்களுக்குக் காவல் இருப்பது புண்ணியம்தான். உயிரோடு இருக்கிறவர்கள் மேலும் ஒரு கண் வை.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

அண்ணி


மே 17

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலம்தானே? இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். வேலை நெருக்கிவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் சரியில்லை.

அண்ணன் இங்கே வந்துபோனதைச் சொல்லியிருப்பார். இளைத்திருந்தார். கம்பெனி லாரியிலேயே திரும்பிவிட்டார், ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிடவில்லை.

ஒன்று கேட்கிறேன். உங்கள் வீடு ஓடையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது? இடையில் மேடு ஏதாவது உண்டா? சும்மாதான் கேட்கிறேன். இன்னொன்று, மழைக்காலம் முழுக்க நீங்களும் வாலும் இங்கே வந்து இருங்களேன். ஒரே அறைதான், ஆனால் கட்டில் பெரியது. வாலுக்குப் பானை ஒட்டக் கற்றுத் தருகிறேன். மாட்டேன் என்று சொல்லாதீர்கள்.

உங்கள் பதிலுக்காக லாரியை எதிர்பார்த்தபடி,

மண்ணாங்கட்டி


ஜூன் 6

என் தங்க மண்ணாங்கட்டிக்கு,

தூக்கமில்லை என்றாயே, என்ன கவலை உனக்கு? படுக்குமுன் கொஞ்சம் வெந்நீர் குடித்துப் பார். இங்கே நாங்கள் நலம். வாலுக்கு ஒரு பல் எட்டிப் பார்க்கிறது.

சும்மா கேட்கிறேன் என்று நீ எழுதினால் அது சும்மா இல்லை என்று எனக்குத் தெரியாதா? உச்சிக்காட்டில் வெட்டு தொடங்கிவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் மலை மொட்டைத் தலையோடு நிற்கிறது. பெண்களெல்லாம் பயந்துபோய்க் குழாயடியில் கூடி, "எவன் கையெழுத்துப் போட்டானோ அவன் கை விளங்குமா?" என்று திட்டினார்கள். அப்போது உன் அண்ணன் அந்தப் பக்கம் வந்தார். "என் தங்கச்சி முடியாதுன்னுட்டா. அவ தலைக்கு மேல இருக்கற அதிகாரிகிட்டப் போய் வாங்கிட்டாங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

இப்போது உனக்கு ஓர் உண்மையைச் சொல்கிறேன். முன்பு எழுதிய இரண்டு கடிதமும், அவர் எதிரில் உட்கார்ந்திருக்க நான் எழுதியவை. இரண்டாவதில் பாதி வார்த்தை அவருடையது. லாரியில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது, இவள் போட்டுவிடக் கூடாதே, போட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு வந்தேன். அந்தக் கடுதாசிக்கும் நீ மசியவில்லை பார். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? எது வந்தாலும் சரி, அந்தப் பாவத்தில் நம் வீட்டுக் கை இல்லை. இப்போது ரம்பத்தின் பெண்டாட்டிகூட, "உங்க நாத்தனார் நெஞ்சழுத்தக்காரிதான்" என்கிறாள். பெருமையாக இருக்கிறது.

அங்கே வருவதைப் பற்றி யோசிக்கிறேன். அவரைத் தனியாக விட்டுவிட்டு எப்படி?

ஓடை வீட்டுக்குப் பின்னால்தான், கல்லெறிந்தால் விழும். மேடு என்று எதுவுமில்லை.

நன்றாகத் தூங்கு.

உன் அண்ணி


ஜூன் 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் இப்போது எனக்கு வேண்டும்.

இதைக் கவனமாகப் படியுங்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஓடைத் தண்ணீர் செம்மண் நிறமானால் எச்சரிக்கையாக இருங்கள். கதவு, ஜன்னல் திடீரென்று பிடித்துக்கொண்டு மூடாமல் போனால், அது மரம் ஊறியதால் என்று விட்டுவிடாதீர்கள், தரை நகரலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், நல்ல மழையில் ஓடை சத்தமில்லாமல் நின்றுபோனால், மேலே எதுவோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஒரு பொருளுக்காகவும் நிற்கக் கூடாது.

எந்தப் பக்கம் ஓடுவது என்பதும் எனக்குத் தெரியும். இந்த ஊர்க்காரர்கள்தான் சொன்னார்கள். இங்கேயும் ஓர் ஓடை இருந்திருக்கிறது, அதை ஒட்டிய தெருவில் எலும்புகள் குவியலாகக் கிடக்கின்றன, எல்லாத் தலையும் பள்ளத்தைப் பார்த்து. தண்ணீர் போகும் வழியே ஓடியிருக்கிறார்கள். ஓடைக்குப் பக்கவாட்டில் ஒரு பாறை மேடு உண்டு. அங்கே ஓர் எலும்புகூட இல்லை. சேற்றுக்கு அப்புறம் மூட்டிய அடுப்புகளின் சாம்பல் இருக்கிறது. அங்கே ஏறியவர்கள் பிழைத்து, சமைத்து, பிறகு எங்கேயோ போயிருக்கிறார்கள். உங்கள் பக்கத்திலும் அப்படிப் பாறை இருக்கிறதா என்று பாருங்கள். கீழே ஓடாதீர்கள். பக்கவாட்டில் ஏறுங்கள்.

முடிந்தால் இந்த வாரமே இங்கே வந்துவிடுங்கள்.

மண்ணாங்கட்டி


ஜூலை 8

அன்புள்ள மண்ணாங்கட்டிக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? எனக்குத் தலைவலி விட்டபாடில்லை. வாலு சளியோடு அலைகிறாள். மழை பிடித்துக்கொண்டது. சோம்பலாகத் தூறும் மழை இல்லை, வாளியைக் கவிழ்த்தது போல.

குழாயைத் திறந்தால் டீ வருகிறது, சர்க்கரைதான் பாக்கி என்று ரம்பம் சிரிக்கிறார். அவர் சிரிக்கிறார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்கதவு நேற்றிலிருந்து மூடவில்லை. உன் அண்ணனிடம் காட்டினேன். உளியை எடுத்துக் கதவின் விளிம்பைச் செதுக்கினார். செதுக்கச் செதுக்க மறுபடியும் பிடித்தது. ஒரு கட்டத்தில் உளியை வைத்துவிட்டு, நிலையைப் பார்த்தபடியே நின்றார். "என்னங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல, ஈரம்" என்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

உன் கடிதத்தைக் காட்டினால் வாங்கிப் படிக்க மாட்டேன் என்கிறார். உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன நடந்தது?

வாலைக் கூட்டிக்கொண்டு கிளம்பலாம் என்று பெட்டியைக்கூட எடுத்துவிட்டேன். ரம்பத்தின் பெண்டாட்டி கைக்குழந்தையோடு வாசலில் நின்று, "நீங்க போறீங்களாக்கா?" என்று கேட்டாள். மேற்பார்வையாளர் பெண்டாட்டி முதலில் ஓடினாள் என்று ஆகும். எல்லோரையும் கிளப்ப எனக்கு அதிகாரமில்லை. அதிகாரம் உள்ளவர் கதவைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். என்ன செய்யட்டும், சொல்.

பாறை மேடு பட்டறைக்கு வலப்பக்கம் இருக்கிறது. பார்த்துவிட்டு வந்தேன்.

அண்ணி


ஜூலை 11

அண்ணிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. மழையில் போன் லைன் அறுந்து கிடக்கிறது. இதை ஜீப் டிரைவரிடம் கொடுத்து, உங்கள் கையிலேயே தரச் சொல்லியிருக்கிறேன்.

கையெழுத்துப் போட்டது என் அதிகாரி இல்லை. நான்.

அண்ணன் வந்தபோது என் குழிக்குள் இறங்கி, என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். "நீ போடலன்னா என்னைத் தூக்கிருவாங்க. வீட்ல அவ மூஞ்சியப் பாக்க முடியல எனக்கு" என்றார். என்னிடம் எதையும் கேட்டுப் பழகாத மனிதர். உங்கள் கடிதம் என் பையிலேயே இருந்தது. நீங்களும் அதைத்தான் விரும்புகிறீர்கள் என்று நம்பினேன். சேற்றைப் பற்றித் தெரிந்திருந்தும், கற்களில் ஒன்றுமில்லை என்று எழுதி அவர் கையில் கொடுத்தேன். என்னை யாரும் திட்டக் கூடாது என்றுதான் அவர் பொய் சொல்லியிருக்கிறார். நீங்கள் பெருமைப்பட்டு எழுதியபோதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

கையெழுத்தை ரத்து செய்யச் சொல்லி மேலே எழுதிவிட்டேன். பதிலில்லை. இந்தக் கடிதத்தை அண்ணனிடம் கொடுங்கள், அவர் படித்தே ஆக வேண்டும். உங்கள் பின்கதவு ஈரத்தால் பிடிக்கவில்லை. எல்லோரையும் பாறைக்கு ஏற்றுங்கள். இன்றைக்கே. ஒன்றும் நடக்காமல் போய், எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தால் அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

மேலதிகாரியை நேரில் பார்த்துவிட்டு, ஜீப் திரும்பியதும் நானும் கிளம்பி வருகிறேன்.


ஆகஸ்ட் 2

மண்ணாங்கட்டிக்கு,

உன் அறையில், உன் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாலுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. உன் குழிக்காரர்களின் வீட்டுப் பெண்கள் முறைவைத்து எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். நீ அங்கே நனைந்துகொண்டு இருக்கிறாயா? எங்கே படுக்கிறாய்?

எல்லாம் முடிந்தபின் நீ ஜீப்பிலிருந்து இறங்கி ஓடிவந்தபோது உன்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வாலைத் தூக்கிக்கொண்டு நீ வந்த ஜீப்பிலேயே ஏறிவிட்டேன். உனக்கு நடந்தது முழுக்கத் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டும்.

உன் கடிதத்தைப் பட்டறைக்கே எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாங்க மாட்டேன் என்றார். அங்கேயே, ஆட்கள் முன்னால் சத்தமாகப் படித்தேன். ரம்பம் எந்திரத்தை நிறுத்தினார். "கையெழுத்துப் போட்டது என் அதிகாரி இல்லை. நான்" என்ற வரி வந்ததும் உன் அண்ணன் மரக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "ஆமா. நான்தான் கெஞ்சி வாங்கினேன்" என்றார். பிறகு எழுந்து, யாரையும் பார்க்காமல் போய்ப் பட்டறைச் சங்கை ஊதினார். அது வேலை முடியும் நேரமே இல்லை.

கைக்குழந்தைகள், கிழவர்கள், ஆடுகள் எல்லாம் பாறைக்கு ஏறினோம். மேலே தார்ப்பாய் கட்டினோம். மேனேஜர் ஜீப்பில் வந்தார். "ஒரு பொம்பளை எழுதின கடுதாசிக்குப் பட்டறைய மூடுவியா?" என்று கத்தினார். உன் அண்ணன், "அவளுக்கு மண்ணைப் பத்தித் தெரியும் சார். உங்களுக்கும் எனக்கும் மரத்தோட விலை மட்டும்தான் தெரியும்" என்றார். அந்த ஒரு நிமிடம் அவரை எனக்குக் கல்யாணமான புதிதில் இருந்த மாதிரிப் பிடித்திருந்தது. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் மதியம் மழை கொஞ்சம் விட்டது. ஈரத்தில் கிடந்த ஆட்களுக்குப் பொறுமை போய்விட்டது. ரம்பத்தின் குழந்தைக்கு மருந்தும் மாற்றுத்துணியும் கீழே வீட்டில் இருந்தன. "இதோ போயிட்டு இதோ வந்துர்றேன்" என்று இறங்கினார். எதையும் இதோ என்று முடிக்கத் தெரியாத மனிதர். அவர் போய்ச் சற்று நேரத்தில் எனக்கு என்னவோ வித்தியாசமாக இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. அப்புறம் புரிந்தது. ஓடைச் சத்தம் இல்லை.

நான்தான் உன் அண்ணனிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் ரம்பத்தின் பேரைக் கூவிக்கொண்டே இறங்கி ஓடினார். ரம்பத்தின் வீட்டு வாசலில் அவர் நுழைந்ததைப் பார்த்தேன்.

இடி மாதிரி வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பல லாரிகள் ஒன்றாகச் சரளைக்கல் கொட்டுவது போல ஓர் இரைச்சல். தகரக்கூரைகள் வரிசை கலையாமல், ரயில்பெட்டி மாதிரி நகர்ந்து போயின. பிறகு வீடுகள் இருந்த இடத்தில் மலை இருந்தது.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். உன்னை அந்தக் கையெழுத்துக்குத் தள்ளிய என் மேலும் இருக்கிறது. எது பெரியது என்று பார்க்க எனக்கு இப்போது தெம்பில்லை. அவரைத் தேடிக் கொடு. உனக்குத்தான் அந்த வேலை தெரியும்.

அண்ணி


ஆகஸ்ட் 10

அண்ணிக்கு,

வாலுக்குக் காய்ச்சல் விட்டது கேட்டு மூச்சு வந்தது. நீங்கள் சாப்பிடுகிறீர்களா? நான் பட்டறைச் சங்கு அறையில் படுக்கிறேன். அது மட்டும்தான் மிச்சம்.

கம்பெனி பெரிய எந்திரத்தைக் கொண்டுவந்தது. வீட்டு வரிசையில் அதை இறக்க விடமாட்டேன் என்று குறுக்கே நின்றேன். எந்திரம் மண்ணை அள்ளும், மண்ணில் என்ன இருக்கிறது என்று பார்க்காது. என் குழிக்காரர்கள் யாரும் கூப்பிடாமலே மண் சுரண்டும் கரணையோடும் கூடையோடும் வந்து இறங்கினார்கள். பெரியவர், "கூலி பேச வரலம்மா. எடத்த மட்டும் காட்டு" என்றார். பழைய ஊரில் செய்வது போலவே கயிறு கட்டி, கட்டம் பிரித்து, கையால் தோண்டினோம்.

அண்ணனை நேற்றுக் காலை எடுத்தோம். ரம்பமும் பக்கத்திலேயே இருந்தார். அவர்கள் வீட்டுக்குள் இல்லை, ஓடை வழியிலும் இல்லை. பாறையை நோக்கி வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அண்ணனின் கை ரம்பத்தின் சட்டையைப் பிடித்திருந்தது. மருந்து ரம்பத்தின் மடியில் பத்திரமாக இருந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான், அண்ணி.

இதுவரை எத்தனையோ பேரை மண்ணிலிருந்து எடுத்திருக்கிறேன். ஒருவரும் எனக்கு உறவில்லை. பிரஷ்ஷால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தபோது முதலில் ஒரு சட்டைப் பொத்தான் தெரிந்தது. மற்ற பொத்தான்கள் வெள்ளை, அது மட்டும் பழுப்பு. நீங்கள் தைத்ததாக இருக்கும். அதற்கு அப்புறம் என்னால் முடியவில்லை. பெரியவர்தான் முடித்தார்.

நாளை மறுநாள் அடக்கம். ஜீப் அனுப்புகிறேன். உங்களுக்கு என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் நான் தள்ளி நின்றுகொள்கிறேன்.

விசாரணை அதிகாரியிடம் கையெழுத்து என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். மழைதான் காரணம், மனிதக் கை எதுவும் இல்லை என்கிறது கம்பெனி. சாட்சி சொல்வதற்காக இங்கேயே இருக்கிறேன்.

மண்ணாங்கட்டி


செப்டம்பர் 4

அன்புள்ள மண்ணாங்கட்டிக்கு,

அடக்கத்தன்று நீ தூரத்தில் மரக்கட்டையோடு மரக்கட்டையாக நின்றதையும், வாலு ஓடிவந்து உன் கையைப் பிடித்து இழுத்து வந்ததையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்று உன்னிடம் பேசவில்லை. ஆனால் என் பக்கத்தில் இடம் விட்டுத்தான் நின்றேன். உனக்குத் தெரிந்திருக்கும். முட்டிவலியோடு ஈரத்தரையில் படுக்காதே. இங்கே நாங்கள் நலம் என்று எழுதலாம், பெரும்பாலும் உண்மைதான்.

நேற்று மத்தியானம் உன் அறைக்கு ஒருவர் வந்தார். பளிச்சென்று இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு ஃபைல். கம்பெனி ஆள். உன்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்த செய்தி அவர்கள் ஆபீசில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகவில்லை போலிருக்கிறது. அடுத்த பள்ளத்தாக்கில் அதே மாதிரி ஓர் உச்சியாம், அதே மாதிரிச் சான்றாம். என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். "அந்த மலைக்குக் கீழ ஆளுங்க இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"வெளியாளுங்க யாரும் இல்லம்மா. நம்ம பட்டறைக் குடும்பங்க மட்டும்தான்."

"அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா?"

"அவங்ககிட்ட என்னம்மா சொல்றது? வேலைக்கு வந்தவங்கதானே."

நான் ஒன்றும் சத்தம் போடவில்லை. நான் எந்தக் குவார்ட்டர்சில் இருந்தேன், யாருடைய பெண்டாட்டி என்று மட்டும் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். "எனக்குத் தெரியாதும்மா, கொண்டுபோய்க் குடுன்னாங்க" என்றார். ஃபைலை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்தவர், கேட்காமலே போய்விட்டார். அதை இந்தக் கடிதத்தோடு லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் விசாரணை அதிகாரிக்குக் காட்டு. மழைதான் காரணம் என்பவர்கள் அதே மழைக்கு அடுத்த இடம் பார்த்துவிட்டார்கள் என்று சொல்.

உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டதா என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும். அதோடு சேர்ந்தே நாம் இருக்கலாம் என்று தோன்றுகிறது.

நாளை காலை லாரியில் அந்தப் பள்ளத்தாக்குக்குக் கிளம்புகிறேன். ரம்பத்தின் பெண்டாட்டியும் குழந்தையோடு வருகிறாள். அந்தக் குவார்ட்டர்ஸ் பெண்களைக் குழாயடியில் பிடித்துவிடலாம். படித்தவர்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள், கம்பெனிக்காரர்கள் சொன்னால் கேட்டுவிடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் போய் நின்றால் கேட்காமல் எப்படி இருப்பார்கள், பார்க்கலாம்.

வாலைப் பெரியவர் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன். விசாரணை முடிந்ததும் நீ நேராக இங்கே வா. நான் இல்லையென்று பயப்படாதே. கதவு சும்மா சாத்தித்தான் இருக்கும்.

உன் அண்ணி